முதல் திரிக்கு என்ன பெயர்: நம்பிக்கையா, எதிர்நோக்கா?

24 நவம்பர் 2025, காலை (கேள்வி)

வருகிற ஞாயிறு 30ஆம் தேதி சாயங்காலம் எங்கள் ஊரில் சி.எஸ்.ஐ. சபையும் கத்தோலிக்கப் பங்கும் சேர்ந்து திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின்) ஜெபம் வைக்கிறோம். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் அட்டை. முதல் அட்டையில் ‘நம்பிக்கை’ என்று எழுதினோம். பங்கிலிருந்து வந்த அக்கா, ‘நம்பிக்கை என்றால் விசுவாசம் ஆயிற்றே, எதிர்நோக்கு என்று போடுங்கள்’ என்கிறார். எங்கள் மூப்பர் ஒருவருக்கு அந்தச் சொல்லே பிடிபடவில்லை. எது சரி? வெள்ளிக்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது.

24 நவம்பர், இரவு (பதில்)

இருவர் சொல்வதும் அவரவர் வேதாகமப்படி சரி. சிக்கலே அதுதான்.

1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டு மொழிபெயர்ப்பிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சீர்திருத்த சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. ஒரு வீட்டில் இரண்டாவதாக நிற்கும் சொல் இன்னொரு வீட்டில் முதலாவதாக நிற்கிறது. வெறும் ‘நம்பிக்கை’ என்று அச்சடித்தால் பாதிப் பேர் ‘கடவுள் இருக்கிறார் என்று ஏற்பது’ என்று படிப்பார்கள். மீதிப் பேர் ‘அவர் செய்வார் என்று பார்த்திருப்பது’ என்று படிப்பார்கள். ஒரே அட்டையின் முன் இரண்டு ஜெபம் நடக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டின் தலைப்பில் ‘எதிர்நோக்கு’ வந்ததால் பங்குகளில் அந்தச் சொல் இப்போது வாய்க்கு வாய் பழகிவிட்டது. சபை மக்களுக்கு அது புதிது, மூப்பரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சொல்லையும் ஒரே அட்டையில், ஒரே அளவு எழுத்தில், கீழே ஒரு வசனத்தோடு போடுங்கள். சொல் குழப்பினாலும் வசனம் பொருளைப் பிடித்துக்கொள்ளும். ரோமர் 8:25 பொருத்தம்: ‘நாம் காணாததை நம்பினோமாகில், அது வருகிறதற்குப் பொறுமையோடே காத்திருப்போம்.’

25 நவம்பர் (பாடகர் குழுவிலிருந்து)

திரிகளின் பெயரும் வரிசையும் சபைச் சட்டத்தில் உள்ளதா? எங்களிடம் உள்ள தாளில் நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு. இன்னொரு தாளில் தீர்க்கதரிசிகள், பெத்லகேம், மேய்ப்பர்கள், தூதர்கள்.

25 நவம்பர், மாலை

எதிலும் இல்லை. கத்தோலிக்கத் திருப்பலி நூல் திரிகளுக்குப் பெயர் வைக்கவில்லை. இரண்டு வரிசையும் பின்னால் வந்த பழக்கம், எதை எடுத்தாலும் பிழையில்லை. ஊதா, ஊதா, ரோஜா, ஊதா என்ற நிறங்கள் மட்டும் அந்தந்த ஞாயிறு குரு அணியும் திருவுடையைப் பார்த்து வந்தவை.

திரிகளை நிறுத்தும் இலை வளையமே பழங்காலத்தது அல்ல. ஜெர்மனியில், ஹாம்பர்க் அருகே ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிச் விக்கர்ன், 1839இல் ஒரு மரச் சக்கரத்தின்மேல் திரிகளை நிறுத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம். அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 1. ஆகவே 24 நாள்: ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி நான்கு, மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரி 20. பச்சை இலை சுற்றியது அதற்குப் பிறகு. ‘இன்னும் எத்தனை நாள்’ என்ற பிள்ளைகளின் கேள்வியை அவர் அடக்கவில்லை, எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். எனக்கு அந்தச் சக்கரத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொன்று. அறிவிப்பில் ‘மலர்வளையம்’ என்று போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல் துக்க வீட்டுக்குப் போகும். ‘பசுமை வளையம்’ போதும்.

26 நவம்பர்

வீட்டில் தினமும் ஏற்றுகிறவர்கள் அளவு கேட்டிருந்தீர்கள்.

30 செ.மீ. தாம்பாளம். அதில் 3 செ.மீ. உயரத்துக்கு ஆற்று மணல், ஈரம் தெளித்து அழுத்தியது. உலர்ந்த மணலில் திரி சாயும். சொதசொதவென்று நனைத்தாலும் சாயும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதம் வேண்டும். திரியை 2 செ.மீ. ஆழம் ஊன்றுங்கள்.

சவுக்குக் கொத்து பார்க்க அழகு, ஆனால் சில நாளில் காய்ந்துவிடும், காய்ந்த சவுக்கு பொறி பட்டால் பற்றும். மாவிலைக் கொத்தோ குரோட்டன்ஸ் இலையோ வைத்து, வாடியதும் மாற்றுங்கள். இலைக்கும் திரிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

தடித்த திரி நல்லது என்று பலர் 7 செ.மீ. விட்டமுள்ளதை வாங்குகிறார்கள். தினம் 15 நிமிடம் ஏற்றினால் அது வீணாகும். நடுவில் மட்டும் உருகிக் குழி விழும், குழியில் மெழுகு தேங்கி நூல் மூழ்கும், மூன்றாம் வாரம் ஏற்றவே முடியாது. தடித்த திரி விளிம்புவரை உருக ஒவ்வொரு 2.5 செ.மீ. விட்டத்துக்கும் சுமார் ஒரு மணி நேரம் எரிய வேண்டும். 2 செ.மீ. விட்டமுள்ள மெல்லிய திரியே தின ஜெபத்துக்கு ஏற்றது. மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் ஒரு பக்கம் மட்டும் உருகி ஒழுகும்.

மணிக்கணக்கு: முதல் திரி 28 நாள், ஏழு மணி நேரம். இரண்டாவது 21 நாள், மூன்றாவது 14, நாலாவது 7.

27 நவம்பர் (திருத்தம்)

நேற்று போட்ட கணக்கு இந்த ஆண்டுக்குப் பொருந்தாது. எல்லா ஆண்டும் 28 நாள் வராது. முதல் ஞாயிறு என்பது அந்திரேயா திருநாளான நவம்பர் 30க்கு மிக அருகில் உள்ள ஞாயிறு. நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் காலத்தின் நீளம் 22 நாள் முதல் 28 நாள் வரை மாறும். 2022இல் 28, 2023இல் 22.

இந்த ஆண்டு முதல் ஞாயிறு நவம்பர் 30, நான்காவது டிசம்பர் 21. டிசம்பர் 24 வரை மொத்தம் 25 நாள். ஆகவே முதல் திரி 25 நாள், 6 மணி 15 நிமிடம். இரண்டாவது 18 நாள், நாலரை மணி. மூன்றாவது 11 நாள், 2 மணி 45 நிமிடம். நாலாவது 4 நாள், ஒரு மணி நேரம். மெல்லிய திரி மணிக்கு 2.5 முதல் 3 செ.மீ. குறையும். கடைக்குக் கடை மெழுகு மாறுவதால் ஒரு திரியைக் கால் மணி நேரம் எரியவிட்டு அளந்து பாருங்கள். மணிக்கு 3 செ.மீ. என்றால் முதல் திரிக்கு 19 செ.மீ. போய்விடும். 20 செ.மீ. திரி போதாது, 25 வாங்குங்கள்.

27 நவம்பர், இரவு

அட்டைக்கு வேறு வசனம் கேட்டவருக்கு: ஏசாயா 40:31. ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்.’ பொது மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் ‘நம்பிக்கை’ என்ற சொல் இருக்கிறது. ஒருவர் காத்திருத்தல் என்கிறார், மற்றவர் நம்பிக்கை என்கிறார். எபிரெயத்தில் ‘காவா’ என்ற ஒரே வினை இரண்டையும் சொல்லும். அதிலிருந்து பிறந்த ‘திக்வா’ என்ற பெயர்ச்சொல்தான் நம்பிக்கை, எதிர்நோக்கு.

அதே ‘திக்வா’ யோசுவா 2ஆம் அதிகாரத்தில் கயிறு. எரிகோ நகரில் இஸ்ரவேலின் ஒற்றரை ஒளித்துவைத்த ராகாப் என்ற பெண் சன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிறு. அந்த ராகாபின் பெயர் மத்தேயு 1:5இல் இயேசுவின் வம்ச வரலாற்றில் வருகிறது. டிசம்பர் 17 அன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிப்பது அந்த வம்ச வரலாற்றைத்தான். நம்பிக்கை என்றால் மனம் லேசாக இருப்பது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கயிறு வேண்டும். ராகாப் பயத்தில்தான் இருந்தாள். கயிற்றைக் கட்டினாள், வீட்டாரை உள்ளே சேர்த்துக்கொண்டாள், வெளியே போகாமல் இருந்தாள். அவள் காத்திருந்தது இப்படித்தான்.

28 நவம்பர் (மறுயோசனை)

மேலே எழுதியதில் ஒன்றைத் தளர்த்த வேண்டும். கயிறும் நம்பிக்கையும் ஒரே எழுத்து, ஒரே ஓசை. ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதில் எபிரெய அகராதிகள் ஒத்துப்போவதில்லை. சில ஒரே வேரின்கீழ் வைக்கின்றன, சில தனித்தனிச் சொல்லாகத் தருகின்றன. பிரசங்கத்தில் ‘எபிரெயத்தில் நம்பிக்கை என்றால் கயிறு’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். ‘நம்பிக்கை என்ற சொல்லும் ராகாபின் கயிறும் ஒரே ஓசை’ என்றால் சரி. ராகாப் செய்தது எந்த அகராதியாலும் மாறப்போவதில்லை.

28 நவம்பர் (கேட்டவர்)

அட்டை போய்விட்டது. இரண்டு சொல்லும், கீழே ரோமர் 8:25ம். மூப்பர் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: ‘காத்திரு, காத்திரு என்றால் சும்மா உட்காரச் சொல்வது போல இருக்கிறதே?’

29 நவம்பர்

மூப்பர் கேட்டதற்குத் தமிழே பதில் வைத்திருக்கிறது. காத்திரு என்பது காத்து, இரு. கா என்றால் காவல் செய். வயலைக் காக்கிறவன், ஊரைக் காக்கிறவன் விழித்திருந்து செய்யும் வேலை. அந்த வேலையிலேயே நிலைத்திருப்பது காத்திருப்பது.

சங்கீதம் 130:6 இதை அப்படியே சொல்கிறது: ‘எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது.’ ஜாமக்காரன் விடியலை உண்டாக்க முடியாது, அரை நாழிகை முன்னால் இழுக்கவும் முடியாது. அதற்காக அவன் வேலை குறைவதில்லை. கதவைப் பார்க்கிறான், சுவரைச் சுற்றுகிறான், தூங்குகிறவர்களுக்காக விழித்திருக்கிறான். எபிரெயத்தில் ‘விடியலுக்கு ஜாமக்காரர்’ என்ற தொடர் இரண்டு தடவை வருகிறது. ஜெபத்தில் வாசிக்கும்போது அவசரப்படாமல் இரண்டு தடவை வாசியுங்கள். இரவு நீளம் என்பது செவிக்குத் தெரியட்டும்.

நாளைய நற்செய்தியும் இதையே தொடுகிறது. கத்தோலிக்க ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இது மத்தேயு ஆண்டு, முதல் ஞாயிறுக்கு மத்தேயு 24. திருடன் இன்ன ஜாமத்தில் வருவான் என்று தெரிந்திருந்தால் வீட்டெஜமான் விழித்திருப்பான் என்கிற பகுதி. ஜாமம் என்றால் ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம், இரவுக்கு நாலு. சி.எஸ்.ஐ. சபைகளின் அல்மனாக்கில் பாடங்கள் வேறாக இருக்கலாம். கூட்டு ஜெபத்துக்கு முன் இரு பக்கமும் ஒப்பிட்டுவிடுங்கள். இல்லையென்றால் வாசிக்க எழுந்தபின் இரண்டு பேர் இரண்டு பக்கத்தைப் புரட்டுவார்கள்.

3 டிசம்பர் (பாடகர் குழுவிலிருந்து)

கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பித்துவிட்டது. 24க்கு முன் ‘பிறந்தார்’ என்று பாடுவது தப்பா?

3 டிசம்பர், இரவு

தெருவில் பாடுவதைத் தடுக்க வேண்டாம். அக்கம்பக்கத்தாருக்கு அது நற்செய்தி, ஒரே இரவில் எல்லா வீட்டுக்கும் போகவும் முடியாது. ஆலயத்துக்குள் மட்டும் வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள். கத்தோலிக்க வழிபாட்டில் இந்த ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ பாடுவதில்லை. அது பெத்லகேம் வயலில் தூதர்கள் பாடியது, 24 இரவுக்காக எடுத்து வைக்கிறார்கள். அல்லேலூயா நிற்காது, தவக் காலத்தில்தான் அது நிற்கும். பூவும் வாத்தியமும் உண்டு, அடக்கமாக. குடில் கட்டலாம், தீவனத் தொட்டியில் வைக்கோல் போடலாம், பாலனை வைப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் அந்த வெறும் தொட்டியை எட்டி எட்டிப் பார்ப்பதை விலக்காதீர்கள். பெரியவர்கள் நாலு வாரம் செய்ய வேண்டியதும் அதுதான்.

பாடகர் குழுவுக்கு எளிய ஏற்பாடு: முதல் மூன்று ஞாயிறும் வருகைப் பாடல், நாலாம் ஞாயிறு மரியாள், எலிசபெத்து பற்றியது. பிறப்புப் பாடல் ஒத்திகையை வார நாளில் வைத்துக்கொள்ளலாம்.

9 டிசம்பர்

ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார்: ‘ஜாமக்காரனுக்கு விடியும் என்று தெரியும். விடியுமா என்றே தெரியாதவன் என்ன செய்வான்?’ நான் 29ஆம் தேதி எழுதியதில் இது விடுபட்டுவிட்டது.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் பெர்லின் டேகல் சிறையிலிருந்து 1943 நவம்பர் 21 அன்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சிறை அறையைத் திருவருகைக் காலத்துக்கு ஒப்பிடுகிறார். காத்திருக்கிறோம், எதிர்பார்க்கிறோம், அதையும் இதையும் செய்கிறோம், கதவோ மூடியிருக்கிறது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்கிறார். அந்த ஆண்டு முதல் ஞாயிறு அடுத்த வாரம், நவம்பர் 28. அவருக்கு அந்தக் கதவு விடுதலையாகத் திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அதே டேகலில் 1944 டிசம்பரில் கையில் விலங்கோடு திருவருகைக் காலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் இயேசு சபை குரு ஆல்ஃபிரட் டெல்ப். 1945 பிப்ரவரி 2 அன்று அவரும் கொல்லப்பட்டார்.

இவர்களைக் காட்டி ‘பார், எவ்வளவு தைரியம்’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கதவு உள்ளேயிருந்து திறக்காது என்று தெரிந்தும் அறைக்குள் ஜெபத்தையும் எழுத்தையும் அவர்கள் விடவில்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது. கேட்டவருக்கு இது போதாமல் இருக்கலாம். 14ஆம் தேதி வாசகத்தைப் பாருங்கள்.

13 டிசம்பர்

நாளை ரோஜா நிற ஞாயிறு. ‘மகிழுங்கள்’ என்று பெயர், பிலிப்பியர் 4:4இலிருந்து. ஆனால் இந்த ஆண்டு நற்செய்தி மத்தேயு 11: சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவான் இயேசுவிடம் ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கும் பகுதி. யோர்தானில் இயேசுவை விரல் நீட்டிக் காட்டியவரே கேட்கிறார். சாக்கடலின் கிழக்கே மக்கேருஸ் கோட்டையில் அவர் அடைபட்டிருந்ததாக வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியின் ஞாயிறில் திருச்சபை இந்தக் கேள்வியை உரக்க வாசிக்க வைத்திருக்கிறது. இயேசு யோவானைக் கடிந்துகொள்ளவில்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அவர் தெரு முழுக்க நடப்பதை எண்ணிக் காட்டுகிறார், சிறைக் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 9ஆம் தேதி கேட்டவரின் கேள்வியும் இதுவே என்பதால் சொல்கிறேன்: இதை வேதாகமமே கேட்கிறது, கேட்பது அவிசுவாசம் அல்ல.

இரண்டாம் வாசகம் யாக்கோபு 5:7, பயிரிடுகிறவனைப் பற்றியது. ‘முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்.’ பாலஸ்தீனத்தில் முன்மாரி அக்டோபர், நவம்பரில். வெயிலில் இறுகிய மண் அதில்தான் இளகும், உழுது விதைப்பார்கள். பின்மாரி மார்ச், ஏப்ரலில், கதிர் பால் பிடிக்கும் வேளையில். இடையில் பல மாதம். பின்மாரி வராவிட்டால் தாள் நிற்கும், மணி பதராகும். சம்பா நட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரப்பு கட்டாதவன் மழைக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

16 டிசம்பர்

நாளை முதல் காலம் திரும்புகிறது. 16 வரை வாசகங்கள் கிறிஸ்துவின் இறுதி வருகையைப் பற்றி, 17 முதல் 24 வரை பெத்லகேம் பிறப்பைப் பற்றி. 17 முதல் 23 வரை மாலை ஜெபத்தில் ஏழு பழைய அழைப்புகள்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, நாடுகளின் அரசரே, இம்மானுவேலே. லத்தீனில் இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் ‘எரோ கிராஸ்’, ‘நாளை இருப்பேன்’. ஏழு நாளும் ‘வாரும்’ என்று கூப்பிட்டு முடித்தபின் பதில் கடைசிப் பக்கத்திலிருந்து வருகிறது. வீட்டு ஜெபத்துக்கு இதைவிட எளிதான பாடம் கிடையாது: நாளுக்கு ஒரு பெயர், திரி, ஒரு நிமிட மௌனம், பரலோக மந்திரம். பத்து நிமிடம்.

18 டிசம்பர் (கேட்டவர்)

எங்கள் சபையில் இந்த ஆண்டு மூன்று வீட்டில் சாவு. முதல் கிறிஸ்துமஸ். கேரல் குழு அந்த வீடுகளுக்குப் போகலாமா?

18 டிசம்பர், இரவு

முதலில் கேளுங்கள், முடிவை அவர்களுக்கு விடுங்கள். வரட்டும் என்றால் முரசும் தொப்பியும் இல்லாமல் ஐந்தாறு பேர், ஒரே பாட்டு, பத்து நிமிடம். வேண்டாம் என்றால் பெரியவர்கள் இருவர் பகலில் போய் உட்கார்ந்து வாருங்கள். ‘எல்லாம் நன்மைக்கே’, ‘பரலோகத்தில் கொண்டாடுவார்’ இரண்டும் வேண்டாம். சங்கீதம் 13 வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் ‘எதுவரைக்கும்’ நாலு தடவை வருகிறது. இறந்தவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு இன்னும் வலிக்கும்.

21 டிசம்பர்

இன்றைய பெயர் ‘விடியலே’. வட பாதி உலகில் மிக நீண்ட இரவை ஒட்டி வருகிறது. ஜாமக்காரரின் சங்கீதத்தை முதல் ஞாயிறில் வாசித்தவர்கள் இன்று மறுபடி வாசியுங்கள். 24 காலையில் யோவானின் தந்தை சகரியாவின் பாட்டு வரும்: ‘உன்னதத்திலிருந்து தோன்றிய அருணோதயம்’. மாதக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்தவர் வாய் திறந்ததும் சொன்னது.

22 டிசம்பர் (கேட்டவர்)

அந்த மூன்று வீட்டில் இரண்டு வீட்டார் வரச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டுக்கு மூப்பர் தனியாகப் போனார். கடைசியாக ஒன்று: 24 இரவு, நான்கு திரிக்கும் நடுவில் கிறிஸ்துமஸுக்காக வைத்திருக்கும் வெள்ளைத் திரியை எந்தத் திரியிலிருந்து ஏற்றுவது?

22 டிசம்பர், இரவு

விதி எதுவும் இல்லை. முதல் திரியிலிருந்து ஏற்றுங்கள் என்பேன், 25 நாளும் எரிந்தது அதுதான். 25 செ.மீ. வாங்கியிருந்தால் மணலுக்கு மேல் அன்றைக்கு நாலைந்து செ.மீ.யாவது மிச்சம் இருக்கும். பிடுங்கி எடுக்காதீர்கள், சூடான மெழுகு கையில் வழியும், மணலும் உதிரும். ஓர் ஈர்க்குச்சியை அதில் பற்றவைத்து, மறு கையால் காற்றை மறைத்து, வெள்ளைத் திரிக்குக் கொண்டுபோங்கள். குச்சியை அணைக்கப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும்.